வாயு எப்போது பற்றும்? ஷாக் டியூபும் ஆர்.சி.எம்-மும்

மீத்தேனையும் காற்றையும் சேர்த்துச் சூடாக்கினால் உடனே பற்றிவிடாது. சற்று நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தை அளக்க ஆய்வகங்கள் பெரும்பாலும் இரண்டு கருவிகளை நம்புகின்றன. ஒன்று ஷாக் டியூப். மற்றது ஆர்.சி.எம் எனப்படும் விரைவு அமுக்கப் பொறி. 1500 கெல்வினில் வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஷாக் டியூப்தான்.

நீண்ட எஃகுக் குழாய், நடுவே மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு பக்கம் உயரழுத்த ஹீலியம், மறுபக்கம் எரிபொருள் கலவை. தகடு கிழிந்ததும் கிளம்பும் அதிர்ச்சி அலை கடைசிச் சுவரில் மோதித் திரும்புகிறது. சுவரை ஒட்டிய வாயு இரண்டு முறை அமுங்கி, மைக்ரோ நொடிகளில் சூடாகி, அசையாமல் நிற்கிறது. அதன் வெப்பநிலையை வெப்பமானி சொல்வதில்லை. குழாய் நெடுகப் பதித்த அழுத்த உணரிகள் அலையின் வேகத்தைத் தர, அதிலிருந்து கணக்கிடுகிறோம். எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் 1200 கெல்வினில் வெறும் 12 கெல்வின் பிசகினாலே மீத்தேனின் தாமதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும். பற்றிய நொடியை அழுத்தத் தாவலும், 306 நானோமீட்டர் அருகே எரியும்போது உருவாகும் OH துகள்கள் உமிழும் ஒளியும் காட்டிக்கொடுக்கும்.

குறை, நேரம். சாதாரணமாக ஓரிரு மில்லி நொடிகள்தான் கிடைக்கும். ஹீலியத்தில் நைட்ரஜன் கலந்து நீட்டலாம். ஆனால் அதற்குள் அழுத்தம் மெல்ல ஏறிவிடும். அந்த ஏற்றத்தைக் தாமதத்தைக் கணிக்கும் கணினி மாதிரியில் சேர்க்காவிட்டால், மாதிரி மந்தமானது என்ற தவறான முடிவுக்கு வருவோம்.

ஆர்.சி.எம்-மில் பிஸ்டன் சில பத்து மில்லி நொடிகளில் வாயுவை அமுக்கி நின்றுவிடும். பிறகு நூறு மில்லி நொடி வரைகூடக் காத்திருக்கலாம். சுமார் 600 முதல் 1100 கெல்வின் வரை இதன் ராஜ்யம். ஆனால் சுவர் வெப்பத்தை உறிஞ்சும்; அமுக்கும்போதே வினை தொடங்கியும் விடலாம். சுவரோரக் குளிர்வாயு சுழன்று நடுவே வராதிருக்க, பிஸ்டன் விளிம்பில் பள்ளம் வெட்டுகிறார்கள். அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தில் இரண்டு கருவிகளும் உண்டு. அளவீடுகள் 1000 கெல்வின் பக்கம் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

உயர் வெப்பத்தில் ஷாக் டியூப் அளவீடுகள் தரும் வரைபடக் கோட்டை அப்படியே 800 கெல்வினுக்கு நீட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. உயர் வெப்பத்தில் H அணு O₂-வோடு மோதி OH, O எனக் கிளைக்கிறது. குறைந்த வெப்பத்தில், கூடிய அழுத்தத்தில் அதே மோதல் HO₂-வில் போய் நிற்கிறது. வேதியியலே வேறு. கேஸ் டர்பைனின் கலவைக் குழாயில் வாயு முன்கூட்டியே பற்றுமா என்பதுதான் கேள்வி என்றால், நான் ஆர்.சி.எம் அளவீட்டையே கேட்பேன், அதன் முழு அழுத்த வரைபடத்தோடு.