எதுவாகவும் மாறும் செல்லா, ரத்தம் மட்டுமே தரும் செல்லா?

தென்னை வைத்திருப்பவர்களுக்குக் குருத்து என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மட்டை ஒடிந்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். உச்சியில் இருக்கும் அந்த ஒற்றைக் குருத்தைக் காண்டாமிருக வண்டு குடைந்து, அது அழுகிவிட்டால் மரம் போச்சு. புது ஓலையும் பாளையும் அங்கிருந்துதான் வந்தாக வேண்டும். ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று பெயர் வைத்தவர் யாரோ, தோப்பு பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நம் உடம்பிலும் அப்படித்தான். தோல் செல் ஒன்று மறைமுகப் பகுப்பில் (மைட்டாசிஸ் என்ற சாதாரண செல் பிரிவில்) இரண்டாகப் பிரிந்தால் இரண்டும் தோல் செல்களே. குருத்தணு பிரிவதில் கணக்கு வேறு: பிறப்பவற்றில் ஒரு பங்கு குருத்தணுவாகவே தங்கிவிடும், மீதி ரத்தமாகவோ குடல் சுவராகவோ வேலைக்குப் போய்விடும். முதலைத் தொடாமல் வட்டியில் குடும்பம் நடத்துவது மாதிரி.

இன்று மருத்துவத்தில் போட்டி போடும் குருத்தணுக்கள் முக்கியமாக மூன்று. எலும்பு மஜ்ஜையில் இருப்பது, ஐந்து நாள் கருவிலிருந்து எடுப்பது, சாதாரணத் தோல் செல்லையோ ரத்த செல்லையோ பின்னோக்கித் திருப்பிச் செய்வது. பாடப்புத்தகங்கள் இவற்றை 'எத்தனை வகை செல்லாக மாறும்' என்ற ஒரே கேள்வியால் வரிசைப்படுத்துகின்றன. கரு செல் உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறும். மஜ்ஜை செல் ரத்தத்தைத் தாண்டாது. "மாமா, அப்போ மஜ்ஜை செல்தானே கடைசி ரேங்க்?" என்று அக்கா மகள் கேட்டபோதுதான் இந்த வரிசை எவ்வளவு தப்பான எண்ணத்தைக் கொடுக்கிறது என்று உறைத்தது. நான் வைக்கும் கேள்வி வேறு. அந்த செல் எங்கே பெருகும், யார் பேச்சைக் கேட்டுப் பெருகும்?

மஜ்ஜை: தட்டில் சோம்பேறி, உடம்பில் சூரன்

1961-ல் டொரோண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னெஸ்ட் மெக்கல்லக் என்ற இருவர் கதிர்வீச்சு பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஏற்றினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். எண்ணிப் பார்த்தபோது, எவ்வளவு மஜ்ஜை ஏற்றினார்களோ அதற்கேற்ற எண்ணிக்கையில் முடிச்சுகள் இருந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து கிளம்பியது என்பது இரண்டு வருடத்தில் உறுதியானது. ரத்தக் குருத்தணு என்று ஒன்று இருப்பதற்கு முதல் தெளிவான ஆதாரம் அதுதான்.

நம் சிவப்பணுக்களுக்கு உட்கரு கிடையாது, அதனால் அவற்றால் பிரிய முடியாது. சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். ஈடுகட்ட மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு வேலைக்கும் மூலமான குருத்தணு ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. அது பெரும்பாலும் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். எப்போதாவது ஒருமுறை பிரியும். அதன் வாரிசுகள்தான் மளமளவென்று பெருகும். ஒவ்வொரு பகுப்பிலும் டி.என்.ஏ. நகலில் பிழை விழ வாய்ப்பு உண்டு, குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியரும் கொஞ்சம் தேயும். மூலப்பிரதியை அடிக்கடி ஜெராக்ஸ் மெஷினில் வைக்காமல் பீரோவில் பூட்டி வைப்பதுபோல உடம்பு அதைக் காப்பாற்றுகிறது.

இந்த செல்லை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்கப் பார்த்தால் மக்கர் பண்ணும். பெருகுவதற்குப் பதில் ரத்த செல்லாக மாறிவிட்டுத் தன் குருத்துத்தன்மையை இழந்துவிடும். இதுதான் இதன் பெரிய குறை. ஆனால் ரத்தக் குழாய் வழியாக உடம்புக்குள் ஏற்றினால் தானே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய் உட்கார்ந்து, காலியான மஜ்ஜையை மறுபடி நிரப்பிவிடும். அந்த நம்பகத்தை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையாக்கிக் காட்டியதற்காகத்தான் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990-ல் நோபல் பரிசு பெற்றார். வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1986-லேயே தொடங்கிவிட்டது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகையோடு பிறந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் வாழ்வு கொடுத்தது.

சிக்கல், பொருத்தம். எச்.எல்.ஏ. என்பது செல்லின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்கள்; அந்தப் பொருத்தம் உடன்பிறந்தவரிடம் கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்புதான். ஒற்றைப் பிள்ளை வீடுகளில் அதுவும் இல்லை. அப்புறம் வெளியாள்தான். சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. 'எலும்பில் துளை போடுவார்கள்' என்று பயந்து பெயர் கொடுக்காதவர்கள் அதிகம். இப்போது பெரும்பாலும் சில நாள் ஊசி போட்டு, குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவைத்து, தட்டணு தானம் மாதிரி கையிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள்.

இதே குடும்பத்து இளைய உறுப்பினர் தொப்புள்கொடி ரத்தம். 1988-ல் பாரிஸில் எலியான் க்ளக்மன் குழு, மரபு ரத்தநோய் உள்ள ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தை ஏற்றிக் காட்டியது. தங்கையுடையது, அவனுடையது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் வளைகாப்பு முடிந்த கையோடு போன் வந்துவிடுகிறது: குழந்தையின் கொடி ரத்தத்தைக் குழந்தைக்காகவே சேமித்து வையுங்கள், உயிர்க் காப்பீடு மாதிரி. குழந்தைக்குத் தலசீமியா இருந்தால் அந்தக் கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். ஒரு கொடியில் கிடைக்கும் அளவும் கொஞ்சம். தட்டில் பெருக்குவதும் சுலபமில்லை என்பதால், வளர்ந்த ஆளுக்கு அது போதாமல் போவதே வழக்கம். இப்படித் தனியாருக்குக் காசு கட்டிச் சேமிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படும் நிலை இருந்தால் கதை வேறு; மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வைக்கலாம் என்பேன்.

கரு: பெருகுவதில் எல்லையே இல்லை

எலிக் கருவிலிருந்து இந்த செல்லை 1981-லேயே கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்ஸும் மேத்யூ காஃப்மனும் பிரித்தார்கள். அதே வருடம் அமெரிக்காவில் கெயில் மார்ட்டினும். மனிதக் கருவுக்கு வர 1998 ஆனது, விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பில் மிஞ்சிய, நூறு செல் அளவிலான கருவின் உள்பகுதியிலிருந்து எடுப்பது இது.

மஜ்ஜை செல்லுக்கு நேர் எதிர் குணம். தட்டில் ஒன்று ஒன்றரை நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். நாளுக்கு ஒருமுறை என்று வைத்தாலே ஒரு செல் முப்பது நாளில் கணக்குப்படி நூறு கோடியைத் தாண்டிவிடும். சாதாரண மனித செல் தட்டில் ஐம்பது முறை சுமாருக்குப் பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார் அல்லவா, அந்த வரம்பு இதற்குக் கிடையாது. டெலோமியரைத் திரும்பக் கட்டும் டெலோமரேஸ் என்ற நொதி இதில் எப்போதும் விழித்திருக்கிறது.

ஆனால் உடம்புக்குள் அப்படியே விட்டால்? கட்டி. டெரடோமா என்று பெயர். குடல், குருத்தெலும்பு, நரம்பு எல்லாம் தாறுமாறாகக் கலந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஒரு செல் எந்தத் திசுவாகவும் மாறவல்லதா என்று பார்க்க எலியில் செலுத்தி இந்தக் கட்டி வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அதன் தகுதிச் சான்றிதழே அதன் ஆபத்துதான். அதனால் உடம்புக்குள் வைக்கும் முன் ஒன்றுவிடாமல் வேலை செய்யும் செல்லாக மாற்றிவிட வேண்டும்.

செல்லை எடுக்கும்போது கரு அழிந்துவிடும். அப்படி அழிக்கலாமா என்ற சண்டை ஊரறிந்தது. 2001 ஆகஸ்டில் புஷ் அமெரிக்க அரசின் ஆய்வு நிதியை ஏற்கெனவே இருந்த செல் வரிசைகளோடு நிறுத்தினார். 2009-ல் ஒபாமா தளர்த்தினார். அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் ஜப்பானில் ஒருவர் வேறு வழி தேடினார்.

தோலிலிருந்து பின்னோக்கி

ஐ.பி.எஸ். என்றதும் நமக்குக் காக்கிச் சட்டைதான் ஞாபகம் வரும். இது வேறு: தூண்டப்பட்ட குருத்தணு. முதல் எழுத்து 'ஐ' மட்டும் ஆங்கிலத்தில் சின்னதாக எழுதப்படும். ஐபாட் பெயரைப் பார்த்து வைத்தது. வைத்தவர் கியோட்டோவின் ஷின்யா யமனாகா. எலும்பு அறுவை மருத்துவராகத் தொடங்கியவர். கை மெதுவாக இருந்ததால் 'ஜமானகா' என்று கிண்டல் செய்வார்களாம்; ஜமா என்றால் ஜப்பானிய மொழியில் இடைஞ்சல்.

கரு செல்லில் முக்கியம் என்று தோன்றிய 24 மரபணுக்களை அவரும் கசுதோஷி தகாஹாஷியும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றாகப் போட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. 24-ஐயும் சேர்த்துப் போட்டால் கரு செல் போலக் கூட்டம் கூட்டமாக வந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். ரசம் ருசியாக வந்ததற்கு எந்தச் சாமான் காரணம் என்று ஒன்றொன்றாக விட்டுப் பார்ப்பது போலத்தான். கடைசியில் நான்கு போதும் என்றானது. எலியில் 2006, மனிதரில் 2007, நோபல் 2012. தவளையில் இதே தத்துவத்தை 1962-லேயே காட்டிய ஜான் கர்டனும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கரு வேண்டாம், நோயாளியின் சொந்த செல், நிராகரிப்பு இல்லை. தாளில் இதுதான் வெற்றியாளர். ஆனால் அந்த நான்கில் ஒன்றான சி-மிக் புற்றுநோயோடு தொடர்புள்ள மரபணு. பெருகும் பொத்தானை அழுத்தாமல் பின்னோக்கித் திருப்புவது அவ்வளவு சுலபமில்லை. பிறகு அதைத் தவிர்க்கும் முறைகள் வந்தன; பயம் முழுதாகப் போகவில்லை.

ஜப்பானின் கோபே நகரில் நடந்ததைப் பாருங்கள். 2014 செப்டம்பரில் மசாயோ தகாஹாஷி குழு, எழுபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோலிலிருந்து விழித்திரைக்கான செல் தாள் செய்து அவர் கண்ணிலேயே வைத்தது. இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததால் வைக்காமல் நிறுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய மாதங்களும் பெரும் பணமும் ஆகிறது என்று 2017-ல் கொடையாளரின் செல்லுக்கு மாறிவிட்டார்கள். அதாவது, 'உன் செல் உனக்கே' என்று கிளம்பிய வண்டி, சுற்றிச் சுற்றி எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்கும் பழைய இடத்துக்கே வந்து நின்றது!

நீரிழிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கரு செல்லிலிருந்து செய்த இன்சுலின் செல்களை முழு அளவில் பெற்ற முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 12 பேரில் 10 பேர் ஒரு வருடத்தில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்று 2025-ல் முடிவு வந்தது. ஆனால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையை விட முடியாது. சீனாவில் 2024-ல் வெளியான சோதனையில், ஒரு பெண்ணின் சொந்தக் கொழுப்புத் திசு செல்லையே திருப்பிச் செய்து வைத்தார்கள். 75 நாளில் ஊசி நின்றது. ஆனால் அவர் கல்லீரல் மாற்றத்துக்காக ஏற்கெனவே அதே மாத்திரைகளில் இருந்தவர். அதனால் சொந்த செல்லின் லாபம் எவ்வளவு என்று அந்த ஒருவரை வைத்து எடைபோட முடியாது.

என்னைக் கேட்டால் ஐ.பி.எஸ்ஸின் உண்மையான இடம் இப்போதைக்கு ஆய்வகத் தட்டுதான். நரம்பு நோயாளியின் மூளையைக் கிள்ளிப் பார்க்க முடியாது. அவர் ரத்தத்திலிருந்து நரம்பு செல் செய்து மருந்தைச் சோதிக்கலாம். சிகிச்சைப் பந்தயத்தில் கரு செல் ஒரு அடி முன்னால் இருக்கிறது. இன்று ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு நம்பி ஏற்றக்கூடியது மஜ்ஜைதான், அதுவும் ரத்தம் சார்ந்த நோய்களுக்கு. முழங்கால் வலி, ஆட்டிசம் என்று எல்லாவற்றுக்கும் ஊசி போடுகிறேன் என்று விளம்பரம் செய்பவர்களிடம் எந்த செல், எங்கிருந்து, எந்த ஆய்வின் கீழ் என்று கேளுங்கள்.

கடைசி ரேங்க் என்று அக்கா மகள் நினைத்த செல்லுக்குத்தான் புதிய பவிசும் கிடைத்தது. 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த, மரபணுவைக் கத்தரித்துத் திருத்தும் கிறிஸ்பர் சிகிச்சை, அரிவாள் செல் நோய்க்கும் தலசீமியாவுக்கும், நோயாளியின் சொந்த ரத்தக் குருத்தணுவை வெளியே எடுத்துத் திருத்தித் திரும்ப ஏற்றுகிறது. கொடையாளர் தேட வேண்டியதில்லை. ஆனால் எடுத்த செல்லைத் தட்டில் பெருக்க இன்னும் வழி சரியாகக் கிடைக்காததால், போதுமான எண்ணிக்கை சேரும்வரை நோயாளி திரும்பத் திரும்ப வந்து இயந்திரத்தின் முன் படுக்க வேண்டியிருக்கிறது.