டிக்கியில் சப்வூஃபர்: மரப்பெட்டியா, ஃபைபர் கூடா?

மூன்றாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்டின் டிக்கி 268 லிட்டர் கொள்ளும். அதில் 10 அங்குல சப்வூஃபர் (ஆழ்ந்த பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்றைப் பொருத்த நினைப்பவர், பெட்டியைத் தச்சரிடம் கொடுத்துப் பலகையில் அடிப்பதா, டிக்கியின் ஓர வளைவுக்கு ஏற்ப ஃபைபர்கிளாஸில் வார்ப்பதா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். ஃபைபரில் பாஸ் இனிமையாக இருக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. உள்ளிருக்கும் காற்றின் அளவு சரியாக இருந்து, சுவர் அதிராமலும் காற்றுக் கசியாமலும் இருந்துவிட்டால், பெட்டி எதனால் ஆனது என்பது ஸ்பீக்கருக்குத் தெரியாது. ஒப்பிட வேண்டியவை இடமும் உழைப்பும்தான்.

இந்த அளவு சப்வூஃபர்களில் பலவற்றுக்கு, மூடிய பெட்டி என்றால், ஒரு கன அடிக்குள், அதாவது 28 லிட்டருக்குள், காற்றிடம் போதும். சரியான எண் ஸ்பீக்கருடன் வரும் தாளில் இருக்கும். ஒரு கன அடியை 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) கனசதுரமாக அடித்தால் வெளியளவு சுமார் 40 லிட்டராகிவிடுகிறது; பலகை மட்டுமே எட்டு கிலோவைத் தாண்டும். நேரான பெட்டிக்கும் வளைந்த சக்கர மேட்டுக்கும் நடுவே வீணாகும் மூலை இந்தக் கணக்கில் சேரவில்லை. ஆனாலும் ஆறு பலகை, பசை, திருகு என்று ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். நீள அகல உயரங்களைப் பெருக்கினால் கொள்ளளவும் துல்லியமாகக் கிடைத்துவிடும். எம்.டி.எஃப்.பின் பகை ஈரம். டிக்கியின் ரப்பர் வழியே மழைநீர் கசிந்தால் ஓரங்கள் ஊதிப்போகும், அப்புறம் திருகு பிடிக்காது. கடலோர ஊர்க்காரர்கள் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட்டில் அடிப்பது நல்லது.

ஃபைபர் கூட்டின் பலமெல்லாம் வளைவில் இருக்கிறது. சக்கர மேட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் குழிவை அது அப்படியே நிரப்பிக்கொள்வதால், ஸ்டெப்னியை எடுக்கப் பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை; ஊருக்குப் போகும்போது பைகளுக்கும் இடமிருக்கும். அதற்கான விலை பொறுமை. டிக்கியின் உட்புறத்தை மாஸ்கிங் டேப்பாலும் அலுமினியத் தாளாலும் மூடி, மெழுகு பூசி, அதன்மேல் 450 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடியிழை மேட்டை, இறுகும் திரவமான பாலியஸ்டர் ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். ஓரடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தடிமன் தரும், ஆறடுக்காவது தேவை. முகப்பில் ஸ்பீக்கருக்கான எம்.டி.எஃப். வளையத்தை நிறுத்தி, ஃபிளீஸ் துணியையோ பனியன் துணியையோ இழுத்துக் கட்டி, ரெசின் ஊட்டி இறுகவிட வேண்டும். பிறகு பட்டி, உப்புத்தாள், மறுபடியும் பட்டி. 2004 சுனாமிக்குப் பின் நம் கடலோரத்தில் பெருகிய ஃபைபர் படகுகளிலும் இதே வகை மேட்டும் ரெசினும்தான். படகு ஒட்டுபவர் ஒருவர் அருகே அரைநாள் உட்கார்ந்து, அவர் காற்றுக்குமிழைப் பிரஷ்ஷால் குத்தி வெளியேற்றுவதைப் பார்ப்பது பத்துக் காணொளிகளுக்குச் சமம்.

வீட்டில் செய்ய முனைபவர் ஒன்றை மறக்கவே கூடாது. ரெசினோடு வாங்கும், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டும், அதை இறுகவைக்கும் எம்.இ.கே.பி. ஹார்ட்னரும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே, ஒட்டப்போகும் அளவுக்கு மட்டும் ஹார்ட்னரை 1 முதல் 2 சதவீதம் சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் நண்பகலில் தொடங்கினால் ரெசின் வாளியிலேயே கட்டியாகிவிடும். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் நெடிக்குத் துணி முகமூடி உதவாது. கரிமவாயுக்களை வடிக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி வேண்டும்.

ஃபைபரின் பலவீனம் தட்டையான பரப்பு. வளைவில் விறைப்பாக நிற்கும் அதே 6 மி.மீ. சுவர், அகலமான சமதளத்தில் தப்பட்டைபோல் அதிரும். ஆகவே என் தேர்வு இரண்டும் கலந்தது: சுவரை ஒட்டிய பின்பகுதி ஃபைபர், ஸ்பீக்கர் உட்காரும் முகப்பு பிளைவுட். துணி இழுக்கும் வேலையும் பட்டி தேய்க்கும் வேலையும் பெரும்பாலும் மிச்சமாகின்றன. கொள்ளளவை அறிய, மூடுவதற்கு முன் தெர்மாகோல் மணிகளை நிரப்பி, அவற்றை அளவு தெரிந்த பாத்திரத்தில் கொட்டி அளக்கலாம். இந்த அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் மூடிய பெட்டி பொறுத்துக்கொள்ளும். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி பொறுக்காது, அதன் சுருதியே மாறிவிடும். போர்ட்தான் வேண்டும் என்பவர் பலகைக்கே போகட்டும். இரண்டொரு ஆண்டில் காரை விற்கும் எண்ணம் உள்ளவருக்கும் பலகைதான். ஸ்விஃப்டுக்கு வார்த்த கூடு அடுத்த காரின் டிக்கியில் உட்காராது.