ஆர்னமென்டல் மில்: மோட்டார் மாட்டுவதற்கு முன்னால் ஆட்டத்தைப் பாருங்கள்

மேசைக் காலிலோ மாடிப்படித் தூணிலோ கயிறு திரித்தாற்போல் முறுக்கு வேண்டுமென்றால், சாதாரணக் கடைசல் மெஷினை வைத்துக்கொண்டு கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி முடிப்பதற்குள் நாள் போய்விடும். ஆர்னமென்டல் மில்லில் வேலை அப்படியே தலைகீழ். கடைசலில் கட்டை வேகமாகச் சுற்றும், உளி நிற்கும். இங்கே கட்டை மெதுவாகத் திரும்ப, மேலே முன்பின் ஓடும் வண்டியில் உட்கார்ந்திருக்கும் ரவுட்டரின் (மரத்தில் பள்ளம் வெட்டும் மின்கருவியின்) பிட், அதாவது வெட்டுமுனை, வேகமாகச் சுற்றுகிறது. வண்டியின் ஓட்டத்தையும் கட்டையின் திருப்பத்தையும் கியரால் இணைத்தால் முறுக்கு வரும். கட்டையைப் பூட்டிவிட்டு வண்டியை மட்டும் ஓட்டினால் நேர்வரி.

வீட்டுப் பட்டறைக்கு வருபவை இரண்டு வகை. சியர்ஸ் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் ரவுட்டர் கிராஃப்டர் கேபிள் வகை: வண்டியோடு கட்டிய கேபிள் ஹெட்ஸ்டாக் (கட்டையைப் பிடித்துத் திருப்பும் முனை) உருளையில் சுற்றியிருக்கும். எடை குறைவு, புரிந்துகொள்வது எளிது. ஆனால் கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் முறுக்கின் இரண்டாவது இழை (கயிற்றின் பிரிபோல் பக்கத்தில் ஓடும் வரி) முதல் இழையோடு சமமாக உட்காராது. அழகுக்கு ஒன்றிரண்டு விளக்குத் தண்டு போதும் என்பவர்களுக்கு அது சரி. லெகசி மில் போன்றவை திருகுத்தண்டும் கியரும் கொண்ட வகை. ஒரே அளவில் நான்கு கால் வேண்டுமென்றால் இதுதான். இனி எழுதுவதெல்லாம் இந்த வகையைப் பற்றி.

கணக்கு சுலபம். கட்டை ஒரு சுற்று திரும்பும்போது வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ அதுதான் முறுக்கு நீளம். திருகுத்தண்டின் புரி (தண்டு ஒருமுறை சுற்றினால் வண்டி நகரும் தூரம்) 5 மி.மீ., முறுக்கு நீளம் 150 மி.மீ. என்றால், தண்டு 30 முறை சுற்ற, கட்டை ஒருமுறை திரும்ப வேண்டும். அதற்கு 20:60, 20:100, 30:60 என்று மூன்று ஜோடி கியர். நடுவே இன்னொரு இடைக்கியரைச் செருகினால் முறுக்கு வலத்திலிருந்து இடமாக மாறும், விகிதம் மாறாது. இரண்டு இழை முறுக்கில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 75 மி.மீ., மூன்று இழையில் 50. இழைகளுக்காகக் கட்டையின் சுற்றைச் சமமாகப் பங்கு பிரிக்கும் தட்டில் 24 துளை மட்டும் இருந்தால் ஐந்து இழை வராது. 60 துளைத் தட்டு ஒன்று செய்து வைத்தால் 2, 3, 4, 5, 6, 10, 12 எல்லாம் கிடைக்கும். இந்த மெஷினுக்குச் செய்யும் மாற்றங்களில் செலவு குறைந்ததும் பயன் கூடியதும் இந்தத் தட்டுதான்.

மெஷின் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது கியர்களுக்கு நடுவே உள்ள ஆட்டம், அதாவது பற்களுக்கு இடையிலான தளர்வு. சோதிக்க டயல் இன்டிகேட்டர் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வேண்டாம். சுழல்தண்டில் (கட்டையைத் திருப்பும் தண்டில்) குச்சி ஒன்றைக் குறுக்கே கட்டி, ஹாண்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, தண்டின் மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கும் நுனியை மேலும் கீழும் அசையுங்கள். நுனி 5 மி.மீ. போய்வந்தால் ஆட்டம் ஏறக்குறைய 1 பாகை. 60 மி.மீ. விட்டமுள்ள கட்டையின் மேற்பரப்பில் அது அரை மில்லிமீட்டர். பிட் மரத்தைக் கடிக்கும்போது கட்டை அந்த அரை மில்லிமீட்டர் முன்னும் பின்னும் குதிக்கும். பள்ளத்தின் சுவரில் அலை அலையாகத் தெரியும், எமரி தாளால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

வைத்தியம் மூன்று. கியர் ஜோடிகளுக்கு நடுவே சாதாரணத் தாள் துண்டு ஒன்றை வைத்து அழுத்தி, அச்சாணியை இறுக்கிவிட்டு, கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். வேண்டிய அளவு இடைவெளி மட்டும் மிஞ்சும். அடுத்து, சுழல்தண்டில் 80 மி.மீ. விட்டமுள்ள மரக் கப்பியைப் பொருத்தி, கட்டை திரும்பும் திசைக்கு எதிராக இழுக்கும்படி கயிற்றில் 2 கிலோ எடை தொங்கவிடுங்கள். பற்கள் எப்போதும் ஒரே பக்கம் ஒட்டியிருக்கும். நான்கு சுற்றுக்குக் கயிறு 1 மீட்டர் ஏறும், அதற்கு இடம் விடுங்கள். மூன்றாவது பழக்கம்: ஒரே திசையில் மட்டும் வெட்டுவது. திரும்பி வரும்போது ரவுட்டரைத் தூக்கி, தொடக்கக் கோட்டைத் தாண்டி 15 மி.மீ. பின்னால் போய், பிறகு முன்னே வர வேண்டும்.

ஆட்டம் இல்லாத மெஷினிலும் கட்டை நழுவினால் எல்லாம் வீண். நாலு முள் சென்டர் கடைசலுக்குப் போதும், இதற்குப் போதாது. கட்டையின் நீளத்தில் 40 மி.மீ. கழிவாக விட்டு, ஃபேஸ்பிளேட்டில் (சுழல்தண்டில் மாட்டும் தட்டில்) இரண்டு திருகு போட்டுப் பிடியுங்கள். மறுமுனையில், அதாவது டெயில்ஸ்டாக்கில், பேரிங் வைத்த சென்டர்.

வண்டியின் ஓட்டம் கட்டையின் மையக்கோட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதை இரண்டாகச் செய்யுங்கள். உயரத்துக்கு, ஒரு கட்டையை உருளையாக வெட்டி இரு முனையிலும் விட்டத்தை அளக்கவும். 0.4 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு முனை 0.2 மி.மீ. ஏறியோ இறங்கியோ இருக்கிறது. பக்கவாட்டுக்கு, கூர்முனை வி பிட்டை மாட்டி, ரவுட்டர் ஓடாமல், பிட்டின் நுனியை டெயில்ஸ்டாக் சென்டரின் நுனிமேல் கொண்டுவந்து பாருங்கள். இது தவறினால் முறுக்கின் ஒரு தோள் தடித்தும் மறு தோள் மெலிந்தும் வரும்.

மரம் கருகுவதற்குப் பலர் பிட்டின் கூர்மையைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கையால் சுற்றும்போது வண்டி நிமிடத்துக்கு 1 மீட்டர் போனாலே அதிகம். 18,000 சுற்றில் இரண்டு பல் பிட் என்றால் ஒரு பல் சீவுவது 0.03 மி.மீ.கூட இல்லை. அது சீவல் அல்ல, உரசல். வேகத்தை 12,000க்குக் குறைத்து, ஹாண்டிலை நிற்காமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். நடுவில் கை மாற்ற நின்றால் நின்ற இடத்தில் கறுப்பு வளையம். உருண்டை மூக்கு பிட்டின் அடிமுனை நடுவில் வெட்டுவேகமே கிடையாது என்பதால் பள்ளத்தின் அடி எப்படியும் கொஞ்சம் கருகும். கெட்டி மரத்தில் ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழம் போதும். கடைசித் தடவை 0.3 மி.மீ. மட்டும், சற்று வேகமாக. 50 மி.மீ. சதுரக் கட்டையை உருளையாக்க மூலைகளில் 10 மி.மீ.க்கு மேல் போக வேண்டும், ஆகவே நான்கு தடவை.

மெல்லிய நீளக் கட்டைக்குத் தாங்கி கட்டாயம். நீளம் இரட்டிப்பானால் வளைவு எட்டு மடங்கு. மெழுகு தடவிய கெட்டி மரத்தில் வி வெட்டு வெட்டி, நடுவில் கீழிருந்து முட்டுக்கொடுத்தால் போதும்.

இனி மோட்டார். 12 வோல்ட் வைப்பர் மோட்டார் நன்றாக ஒத்துப்போகும்: உள்ளேயே வார்ம் கியர் (பின்னோக்கித் தள்ளினால் எளிதில் சுழலாத திருகுப் பல்) இருப்பதால் நிறுத்தியதும் நிற்கும். வண்டி ஓடும் இரு கோடியிலும் லிமிட் சுவிட்ச் (வண்டி முட்டியதும் மோட்டாரை நிறுத்துவது), நடுவில் நழுவும் பெல்ட், இரண்டும் இல்லாமல் மாட்ட வேண்டாம். முறுக்கு நீளம் அதிகமானால் திருகுத்தண்டைச் சுற்றுவது இலகு. மிகவும் குறைந்தால் சுழல்தண்டைச் சுற்றுவது இலகு. எனவே மோட்டார் தாங்கியை இரண்டு இடத்திலும் மாட்டும்படி செய்யுங்கள். கியரையே கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்குப் படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டார் இரண்டு போடுவோரும் உண்டு. விகிதம் மாற்றுவது எளிதாகும். ஆனால் சுழல்தண்டின் ஆட்டமும் தளர்ந்த சென்டரும் அப்படியே இருந்தால் கம்ப்யூட்டரும் அதே அலையைத்தான் வெட்டும்.

உள்ளே கூடாக, இழைகள் மட்டும் நிற்கும் முறுக்கில்தான் உடைசல் அதிகம். முதலில் நடுவில் 12 மி.மீ. துளை போட்டு, மெழுகு தடவிய உருளைக்குச்சியைச் செருகி, பிறகு வெட்டுங்கள். இழையின் சாய்வு கூடக்கூட மரத்தின் ரேகை குறுக்கே அறுபடும். 50 மி.மீ. கட்டைக்கு முறுக்கு நீளம் 250 மி.மீ. வைத்தால் சாய்வு 32 பாகை, அதைத் தாண்ட வேண்டாம். கடைசி 1 மி.மீ.யை ரவுட்டரில் எடுக்காமல் கத்தியால் எடுத்து, குச்சியை உருவுங்கள். திருகுத்தண்டுக்கு கிரீஸ் பூசினால் மரத்தூள் ஒட்டிக் களிம்பாகிவிடும். உலர் மெழுகு போட்டு, ஒவ்வொரு காலுக்கும் பிறகு பிரஷ்ஷால் துடைத்தால் நான்காவது காலிலும் ஹாண்டில் முதல் காலைப்போலவே இலகுவாக ஓடும்.