சமையலறைச் சீருடைத் தொகுப்பு: கோட் சிறப்பு, தொப்பி ஏமாற்றம்

உணவகச் சமையலறையில் பணியாற்றுவோருக்கென கோட், கால்சட்டை, ஏப்ரன், தொப்பி ஆகிய நான்கையும் ஒன்றாக விற்கும் ஒரு சீருடைத் தொகுப்பை வாங்கி, அடுப்படியில் தொடர்ந்து அணிந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். சமையற்கலைஞரின் சீருடை முதலில் ஒரு பாதுகாப்பு உடை. மிடுக்கான தோற்றமெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

அந்த வகையில் கோட் மிகவும் நன்றாக அமைந்திருக்கிறது. மார்பின் குறுக்கே துணி இரண்டு அடுக்காக வருவதால், எண்ணெய் தெறித்தாலும் சூடு உடனே தோலை எட்டுவதில்லை; கறை பட்ட பக்கத்தை உள்ளே தள்ளி, இடம் வலம் மாற்றிப் பொத்தானிட்டுக்கொண்டு, சாப்பிடுவோர் முன்னிலையில் தயக்கமின்றிச் செல்லவும் முடிகிறது. துணி முழுப் பருத்தி என்பதை இதைவிடப் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன். பரவலாக விற்கப்படும் 65 விழுக்காடு பாலியெஸ்டரும் 35 விழுக்காடு பருத்தியும் கலந்த துணி எளிதில் கசங்காது, விரைவில் உலரும் என்பது உண்மையே. ஆனால் பாலியெஸ்டர் கடும் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளக்கூடியது. இஸ்திரி போடும் சிரமம் அதற்கு முன் ஒன்றுமில்லை. பிரஸ் பட்டன்கள் ஒரே இழுப்பில் கழன்றுவிடுகின்றன. கொதிநீரோ எண்ணெயோ கோட்டை நனைத்துவிட்டால், அதை நொடியில் அகற்ற அந்த வசதி அவசியம்.

வெள்ளை நிறத்தைப் பலர் தொல்லையாக நினைக்கின்றனர். அழுக்கை மறைக்காமல் காட்டிக்கொடுப்பதும், வெந்நீரிலும் பிளீச்சிலும் துவைக்க இடங்கொடுப்பதும்தான் அதன் பயன். பிரெஞ்சுச் சமையற்கலைஞர் மரி அந்துவான் கரேம் (1784–1833) பரப்பிய வெள்ளைச் சீருடை இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அதுவே போதுமான காரணம். கட்டம் போட்ட கால்சட்டையும் ஏப்ரனும் குறை சொல்லும்படி இல்லை.

தொப்பிதான் ஏமாற்றம் அளித்தது. அதன் நூறு மடிப்புகள் முட்டையை நூறு விதமாகச் சமைக்கும் திறமைக்கு அடையாளம் என்று விற்பனைக் குறிப்பு பெருமை பேசுகிறது. அது ஆதாரமற்ற, நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை. உயரமான தொப்பி தலைமைச் சமையற்கலைஞரின் பதவியைக் காட்டும் மரபு உண்டு என்பதை நான் மதிக்கிறேன். எனினும் முடி உணவில் விழாமல் காப்பதும், நெற்றி வியர்வையை உறிஞ்சுவதுமே தொப்பியின் அன்றாட வேலை. இதன் உட்பட்டையோ வழுவழுப்பான செயற்கைத் துணியால் ஆனது; வியர்வை தங்காமல் கண்ணுக்குள் வழிகிறது. புகைபோக்கியின் கீழே குனியும்போதெல்லாம் தொப்பியின் உச்சி இடித்துச் சரிகிறது.

ஆகவே தொகுப்பாக வாங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை. கோட்டையும் ஏப்ரனையும் தனியே வாங்கிக்கொண்டு, தலைக்குப் பருத்தியாலான, தலையோடு படிந்து நிற்கும் தாழ்ந்த தொப்பியைத் தேர்ந்தெடுங்கள். பருத்தி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும் என்பதால் கோட்டை ஓர் அளவு பெரிதாகவே எடுப்பது நல்லது.