குதிரைகளுடன் முகாம்: சேனநாயக்க சமுத்திரமா, உன்னிச்சையா, படுவான்கரையா?

குதிரைகளோடு நீர்நிலை ஒன்றின் அருகே இரண்டு மூன்று நாட்கள் தங்க விரும்புகிறவருக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மூன்று இடங்கள் உடனே நினைவுக்கு வரும். ஒன்று இங்கினியாகலையின் சேனநாயக்க சமுத்திரம், இன்னொன்று உன்னிச்சைக் குளம், மற்றொன்று கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்டூர்ப் பக்கமாக நீளும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. காட்சியழகை மட்டும் பார்த்தால் முதலாவதையே தேர்ந்தெடுப்போம். ஆனால் பொழுது சாய்ந்த பின் குதிரை எங்கே கட்டப்பட்டு நிற்கும், எதைக் குடிக்கும், இருட்டில் அதன் பக்கமாக என்ன வரும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் அந்தத் தேர்வு தலைகீழாகிவிடுகிறது.

சேனநாயக்க சமுத்திரம் கல்லோயாத் திட்டத்தில் உருவான, இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். மலைகள் சூழ்ந்த அந்த நீர்ப்பரப்பில் தீவுக்குத் தீவு நீந்திச் செல்லும் யானைகளைக் காணவே பலர் வருகிறார்கள். ஆயினும் அதைச் சுற்றியுள்ள காடு 1954 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதால், வளர்ப்பு விலங்குகளை உள்ளே கொண்டுசெல்ல முடியாது. குதிரையை அணைக்கட்டுக்கு வெளியே எங்காவது விட்டுவிட்டுப் படகில் ஏற வேண்டியிருந்தால், அது குதிரைப் பயணமாகவே இராது. அந்த இடத்தைக் குதிரையில்லாத வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

உன்னிச்சையின் நிலை வேறு. அங்கே நன்னீர் உண்டு, நிழல் உண்டு, வயல்களுக்குப் போகும் கிரவல் வீதிகளில் குதிரை இலகுவாக நடக்கும். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை சாதாரண நாளில் 25 முதல் 40 லீற்றர் வரை நீர் குடிக்கும். வெயிலில் உழைத்தால் 50 லீற்றரையும் கடக்கும். நான்கு குதிரைகளுக்கு நாளுக்கு 200 லீற்றர் என்று கணக்கிட்டால், குளத்தை ஒட்டித் தங்குவதன் பெறுமதி புரியும். ஆனால் மட்டக்களப்பு நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் குளமும் இதுவே என்பதால், குதிரையைக் கரையில் இறக்கிக் குளிப்பாட்டுவதையோ நீர் விளிம்பில் கட்டி வைப்பதையோ என்னால் ஏற்க முடியவில்லை. வாளியில் நீரை மொண்டு சென்று, கரையிலிருந்து 60 மீற்றருக்கு அப்பால் குடிக்கக் கொடுக்க வேண்டும். சாணத்தை அள்ளித் தூரமான இடத்தில் புதைக்க வேண்டும். குளக்கட்டில் குதிரையை ஏற்றுவதற்கு முன் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதியையும் பெற வேண்டும்.

இவை எல்லாம் செய்யக்கூடியவையே. உன்னிச்சையில் என்னைத் தயங்க வைப்பது யானை. குளத்து நீருக்காகவும் விளைந்த வயலுக்காகவும் அவை இரவில் வருகின்றன. அவற்றை விரட்ட விவசாயிகள் யானை வெடி கொளுத்துகிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்களது உயிருக்கும் விளைச்சலுக்குமான காவல். ஆனால் யானை வாடைக்கே மிரளக்கூடிய குதிரை, வெடிச்சத்தத்தையும் கேட்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். இருட்டில் அது ஓடுகிற வழியில் வாய்க்கால் இருக்கலாம், மின்வேலியும் இருக்கலாம்.

கல் நந்தியே புல்லுண்டதாகப் பேசப்படும் தான்தோன்றீச்சரம் அமைந்த கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவியை ஒட்டிய குடிமனைகளுக்கு அருகே, இந்த அச்சம் குறைவு. அற்றுப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். படுவான்கரையின் உட்புற ஊர்களுக்கும் யானை வருகிறது. இங்குள்ள உண்மையான குறை நீர். வாவி உவர்நீர் என்பதால் குதிரை அதைக் குடித்து நாளைக் கழிக்க முடியாது. ஊர்க் கிணற்று உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, பீப்பாய்களில் நீர் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். முதலை உள்ள வாவி என்பதால் குதிரையை நீரில் இறக்கவே கூடாது. பட்டி மாடுகள் படுக்கும் இடங்களில் உண்ணி நிறைந்திருக்கும். அங்கே கட்டாமல் தள்ளிக் கட்டி, மாலைதோறும் காது மடலையும் வாலடியையும் தடவிப் பார்க்க வேண்டும்.

காலமும் இந்த ஒப்பீட்டை மாற்றும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரிமழையில் வட்டைகள் (வயல்வெளிகள்) சேறாகிக் குளம்பு புதையும். வெப்பமான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில், நுவரெலியாக் குளிருக்குப் பழகிய குதிரையை இங்கே கொண்டுவருவது அதற்குச் செய்யும் கொடுமை. பெரும்போக அறுவடை முடிந்த மார்ச் பிற்பகுதியில் வயல் காய்ந்திருக்கும், குளத்தில் நீர் இருக்கும், வெடிச்சத்தமும் தணிந்திருக்கும். அப்போது வைக்கோல் எங்கும் கிடைக்கும் என்பதற்காக அதையே முழுத் தீவனமாகப் போட்டுவிடக் கூடாது. தீவனத்தை ஏழு முதல் பத்து நாட்களில் சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும். திடீரென்று மாற்றினால் கடும் வயிற்றுவலி கண்டு குதிரை இறக்கவும் கூடும். ஆகவே பழகிய உலர்புல்லை லொறியிலேயே ஏற்றி வருவது பாதுகாப்பு.

நான் தேர்ந்தெடுப்பது படுவான்கரை. முகாமைக் குடிமனையோரம் அமைத்து, உறுதியான இரு மரங்களுக்கு இடையே குதிரையின் தலைக்கு மேலான உயரத்தில் வடம் இழுத்து, அதில் குதிரைகளை இடைவெளி விட்டுக் கட்டுவேன். உன்னிச்சைப் பக்கத்தைக் காண விடிந்து வெளிச்சம் வந்த பின் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலில் இறங்கி, பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் வாவியோரம் திரும்பிவிடுவேன்.