மணிவிழா மலருக்குப் பழைய படம் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடியில் ஒரு டிஜிட்டல் அச்சகம். மணிவிழா மலர் வேலை. பில்லில் ‘பழைய படம் சீரமைப்பு’ என்று 12 படங்களுக்குத் தனித் தொகை. மலர் கைக்கு வந்தபோது ஐயா முகத்திலும் அப்பத்தா சேலையிலும் கட்டம் கட்டமாக அலை ஓடுகிறது. கேட்டதற்கு, “பழைய போட்டோ அப்படித்தாங்க வரும்” என்றார்கள்.

வராது. அவை போட்டோவே அல்ல, பழைய மலர் ஒன்றின் பக்கங்கள். பிளாக் வைத்து அடித்த ஹாஃப்டோன் படம், அதாவது சிறு மைப்புள்ளிகளாலேயே ஆன படம். லென்ஸில் பார்த்தால் வெறும் புள்ளிகள். அதன்மேல் புது மெஷின் தன் புள்ளிகளையும் போட்டால் இரண்டு வரிசையும் முரண்பட்டு மோரே என்கிற அலை விழும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள், அதே அலைதான்.

சீரமைப்பு என்று நடந்தது இரண்டே காரியம். கோப்பில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 72 என்றிருந்த எண்ணை 300 ஆக்கினார்கள். அதனால் படத்தில் புதிதாக எதுவும் முளைக்காது. அடுத்து ஷார்ப்பன். கெடுத்தது இதுதான். கண் இமை எது, மைப்புள்ளி எது என்று அதற்குத் தெரியாது. புள்ளியின் ஓரத்தையும் சேர்த்துக் கூர்மையாக்கிவிடும்.

செய்திருக்க வேண்டியது: கிரேஸ்கேலில் குறைந்தது 600 டிபிஐ ஸ்கேன். 2 அங்குலப் படத்தை 6 அங்குலமாகப் போடுவதென்றால் 900. ஸ்கேனர் மென்பொருளில் டீஸ்க்ரீன் (அச்சுப் புள்ளியைக் கரைக்கும் வசதி) இருந்தால் போடலாம்: செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 85 வரி, பத்திரிகைக்கு 133 என்ற கணக்கில். இல்லையென்றால் காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் கருவி, புள்ளி கரையும் அளவுக்கு மட்டும். பிறகு அச்சாகும் அளவில் 300க்கு இறக்கி, கடைசியில் லேசாக ஷார்ப்பன். வரிசை மாறினால் வேலை வீண்.

கறுப்பு வெள்ளைப் படத்தை நாலு வண்ணத்தில் அடித்துவிட்டு கலர் ரேட் போடுவதும் நடக்கிறது. முகம் பச்சையடித்தால் சந்தேகப்படுங்கள். ‘கறுப்பு மட்டும்’ என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப்பைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். திரையில் பெரிதாக்கும் அளவைப் பொறுத்து மோரே தோன்றும், மறையும். அதே மெஷின், அதே தாளில் ஒரு பக்கம் புரூஃப் (மாதிரி அச்சு) கேளுங்கள். பாக்கிப் பணம் அதற்குப் பிறகு.

வீட்டு வளவுச் சுவரில் அசல் போட்டோ தொங்கினால் பழைய மலரைத் தொடவே வேண்டாம். அதில் புள்ளி கிடையாது. சட்டத்திலிருந்து எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல் கண்ணாடியோடே வையுங்கள்.