கசப்பு பிடிக்காதது: மரபணுவாலா, கருப்பையாலா?

இரண்டையும் 'பரம்பரை' என்ற ஒரே மூட்டையில் கட்டுவது வழக்கம். வழிகள் வேறு.

மரபணு வழி உறுதியானது. பி.டி.சி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்குச் சுவையே இல்லை என்பதை ஆர்தர் ஃபாக்ஸ் 1931-இல் கவனித்தார். முக்கியக் காரணம் 7-ஆம் குரோமோசோமிலுள்ள டாஸ்2ஆர்38 மரபணு; நாக்கில் கசப்பை உணரும் ஒரு புரதத்தை உருவாக்குவது இது. அந்தப் புரதத்தில் 49, 262, 296 ஆகிய இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருந்தால் அந்தக் கசப்பு மங்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் மங்கிய வடிவமே வந்தவர்களுக்கு அது பெரும்பாலும் தெரியாது. முட்டைக்கோசு, புரோக்கோலி கசப்பதில் இதற்குப் பங்குண்டு. பாகற்காய்க்கும் இதையே காரணம் சொல்வது தவறு. அதன் கசப்புப் பொருள்கள் வேறு வகை.

கருப்பையில் நடப்பது கற்றல். சுவை, மணம் பற்றி ஆராயும் பிலடெல்பியாவின் மோனெல் மையம் 2001-இல் வெளியிட்ட சோதனையில், கடைசி மும்மாதத்தில் இருந்த தாய்மார்கள் வாரத்தில் 4 நாள், 3 வாரம், 300 மி.லி. கேரட் சாறு குடித்தார்கள். பனிக்குட நீர் வழியே மணம் பழகிய குழந்தைகள் கேரட் கலந்த கூழுக்குக் குறைவாகவே முகம் சுளித்தன. தாத்தாவின் சுவையுணர்வு இவ்வழியில் வராது.

மரபணு வழியில் வந்ததானால் கசப்பை உணர்வது மாறாது, ஆனால் ஏற்பது மாறும்: அதே காயைச் சிறிதளவாக, வற்புறுத்தாமல் 8 முதல் 10 முறை கொடுங்கள். இரண்டு மூன்று முறையில் கைவிடுவதால்தான் பலருக்கும் பலிப்பதில்லை.